காற்றில் சாய்ந்த மரத்திலிருந்து விறகு: கேட்பது முதல் காயவைப்பது வரை

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் நுழையும் மேற்குக் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று கிழக்கே பரவி, ஆடி மாதத்தில் உச்சத்தை எட்டுகிறது. அந்த நாட்களில் இட்டேரிகளில், அதாவது இருபுறமும் வேலி கொண்ட காட்டுத் தடங்களில், நடந்து போனால் ஒடிந்த வேப்பங்கிளையும், பாதி பிளந்து தொங்கும் வெள்வேலும், வேரோடு பெயர்ந்த புளியும் கண்ணில் படாமல் இருக்காது. அதற்கு முன்பே, சித்திரையில் இடியோடு வரும் கோடை மழையும் தன் பங்குக்குச் சில மரங்களைச் சாய்த்திருக்கும். கொங்கு நாட்டில் விலை கொடுக்காமல் கிடைக்கும் விறகு பெரும்பாலும் இந்த இரண்டு காலங்களில் விழுவதுதான்.

நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்பியவர்களும், தோட்டத்து வீட்டில் புதிதாகக் குடியேறியவர்களும், வெந்நீர் அடுப்புக்காவது விறகு வேண்டும் என்று நினைப்பவர்களும் முதலில் கடைக்குப் போய் ஒரு கோடாலி வாங்கி வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல ஆண்டுகள் விறகு சேர்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது என்னவென்றால், இந்த வேலையில் வெட்டுவது சிறு பகுதிதான். உரியவரிடம் கேட்பதும், கொண்டு வந்ததைப் பொறுமையாகக் காயவைப்பதும்தான் பெரும் பகுதி. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர் வீட்டு அடுப்பு புகையாமல் எரியும்.

முதலில், மரம் யாருடையது

விழுந்து கிடக்கும் மரத்துக்கும் உடையவர் உண்டு. மரம் நின்றபோது யாருக்குச் சொந்தமோ, விழுந்த பிறகும் அவருக்கே சொந்தம். ஆகையால் கொடுவாளை எடுப்பதற்கு முன்பு மரம் எந்த நிலத்தில் நின்றது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது பட்டா நிலத்து மரம், ஏனென்றால் ஒரே ஒருவரிடம் கேட்டால் போதும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொறங்காடு நல்ல இடம். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்து, காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் மேய விடும் அந்த மேய்ச்சல் காடுகளில், ஒவ்வொரு காற்றுக்காலத்திலும் நாலைந்து கிளையாவது முறிந்து விழும். காட்டுக்காரருக்கு அந்தக் கிளை ஓர் இடைஞ்சல். அதன் முள் மாட்டின் காலில் ஏறும், அது கிடக்கும் இடத்தில் புல் வளராது. ஆகவே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எனக்கு முதன்முதலில் விறகு கொடுத்த பெரியவரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, காத்துல சாஞ்ச அந்த வேலாமரம் அப்படியே கெடக்குதுங்களே, வெறகுக்கு எடுத்துக்கட்டுங்களா?" அவர் சொன்ன பதிலை இன்றுவரை ஒரு விதியாக வைத்திருக்கிறேன்: "எடுத்துக்க கண்ணு. முள்ளைய மட்டும் தடத்துல போட்டறாத, படலைச் சாத்தீட்டுப் போ."

படலை, அதாவது வேலியின் தட்டிக்கதவை, சாத்துவது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் கொறங்காட்டின் படல் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் பத்து ஆடு பக்கத்துச் சோளக் காட்டுக்குள் இறங்கிவிடும், அதன் பிறகு உங்களுக்கு அந்த ஊரில் யாரும் ஒரு சுள்ளிகூடத் தர மாட்டார்கள். அதேபோல் கிளுவை வேலியில் காய்ந்தது போலத் தெரியும் குச்சிகளை ஒடிக்கக் கூடாது. வறட்சியில் இலை உதிர்த்து நிற்கும் கிளுவை மழை பெய்ததும் துளிர்க்கும். அது உயிருள்ள வேலி.

சாலையோரப் புளியும் தூங்குமூஞ்சியும் நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ உரியவை. சாய்ந்த மரத்தை அந்தத் துறையினர் அறுத்து ஏலம் விடுவது வழக்கம். அவர்கள் வந்து அடிமரத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு மிஞ்சும் மிலாறுகளை, அதாவது சிறு குச்சிகளை, அங்கேயே நிற்கும் பணியாளரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு அடிமரத்தில் கை வைப்பது திருட்டு. ஏரிக்கரை, குளக்கரை, புறம்போக்கு நிலங்களில் உள்ள மரங்களுக்கு ஊராட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இடங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலை அகற்றச் சில ஊராட்சிகள் அவ்வப்போது ஏற்பாடு செய்கின்றன. அந்தச் சமயத்தில் கேட்டால் விறகும் கிடைக்கும், ஊருக்கும் உதவியாக இருக்கும்.

காப்புக்காடு வேறு கதை. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அனுமதியின்றி விறகு எடுப்பது குற்றம், அது தானாக விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் கட்டையாக இருந்தாலும் சரி. 2013ஆம் ஆண்டு புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் போன்ற இடங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வனத்தை நம்பி வாழும் பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகள் அவர்களுடையவை, வெளியிலிருந்து போகும் நமக்கு அவை பொருந்தா. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், மேட்டுப்பாளையம், தடாகம், ஆனைகட்டி, தாளவாடிப் பக்கங்களில் விறகுக்குப் போய் யானையிடம் உயிர் விட்டவர்கள் உண்டு. குனிந்து கட்டு கட்டிக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் யானை வருவது தெரியாது. அடிவாரத்தில் உங்களுக்குச் சொந்தத் தோட்டமே இருந்தாலும், நன்றாக விடிந்த பிறகு போய்ப் பொழுது இறங்குவதற்குள் திரும்பிவிடுங்கள்.

எந்த நிலத்தில் இருந்தாலும் சந்தனம், தேக்கு, ஈட்டி ஆகிய மரங்களின் துண்டைக்கூட விறகுக்கட்டில் சேர்க்காதீர்கள். நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது; தானாக விழும் பனைமட்டையைப் பொறுக்குவதற்கு நிலத்துக்காரரின் சம்மதம் போதும். குலதெய்வக் கோயில்களைச் சுற்றி நிற்கும் மரங்களின் கிளையை ஊரார் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம்.

வேம்பைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளாக மழைக்காலம் முடியும்போது வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, மார்கழி, தை மாதங்களில் முழு மரமும் பட்டுப்போனது போல நிற்பதைப் பார்க்கிறோம். நுனிக்கருகல் நோயும், தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் இதற்குக் காரணங்கள். அப்படி நிற்கும் மரம் பெரும்பாலும் சாவதில்லை, கோடையில் மறுபடியும் துளிர்த்துவிடும். "பட்ட மரந்தானே, வெட்டி எடுத்துக்கோங்க" என்று நிலத்துக்காரரே சொன்னாலும், சித்திரை வரை பொறுத்திருக்கலாம் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நாம் தேடுவது விழுந்ததைத்தான்.

மரத்தை அணுகும் முன்

சாய்ந்த மரத்தை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். மின்கம்பி மரத்தின் மேலோ அடியிலோ இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று பார்த்தவுடன் முடிவு செய்ய யாராலும் முடியாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லி, ஊழியர் வந்து சரிசெய்து போன பிறகு விறகைப் பற்றி யோசிக்கலாம். மேலே பார்த்தால், ஒடிந்தும் கீழே விழாமல் வேறொரு கிளையில் சிக்கித் தொங்கும் கொம்பு இருக்கக்கூடும். அதைத் தொரட்டியால் தூர நின்று இழுத்துப் போட வேண்டும். இழுத்தும் வராவிட்டால் அந்த மரத்தடியை அடுத்த காற்று வரை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது பாம்பும் தேளும். சில வாரங்கள் கிடந்த கட்டைக்கு அடியில் குளிர்ச்சி இருக்கும், அதனால் அங்கே ஏதாவது குடியிருக்கும். நம் பக்கத்துக் காய்ந்த காடுகளில் சுருட்டை விரியன் உண்டு. ஒரு முழ நீளம்தான், மண் நிறம், உதிர்ந்த பட்டையோடு பட்டையாகக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை நான் ஒரு வேப்பங்கட்டையைக் கம்பியால் நெம்பிப் புரட்டியபோது, அதன் அடியில் கிடந்த பட்டைத் துண்டு என்று நான் நினைத்தது மெல்லச் சுருண்டு, செதிலோடு செதில் உரசி, அரத்தால் தேய்ப்பது போல 'சர்சர்' என்று ஒலி எழுப்பியது. அன்று வெறுங்கையை அடியில் விட்டுத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஆகவே கட்டையைக் கையால் தூக்குவதற்கு முன், கடப்பாரையாலோ நீண்ட கொம்பாலோ உங்களுக்கு எதிர்ப்பக்கம் புரட்டிப் பார்ப்பதை மாறாத பழக்கமாக்குங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது; கடிபட்ட கை கால்களை அசைக்காமல், 108ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். இதற்காகவே தனியாகப் போகாதீர்கள்.

எந்த விறகு, எதற்கு

கனமான மரம் நின்று எரியும், கங்கு தரும்; இலேசான மரம் சட்டென்று பிடித்து சட்டென்று அவியும். இரண்டும் வேண்டும். வெள்வேல், கருவேல், சீமைக்கருவேல் ஆகிய வேல இனங்கள் இங்கே கிடைக்கும் விறகில் முதல் தரம். முள்ளைப் பொறுத்துக்கொண்டால் சீமைக்கருவேலைப் போல எளிதில் கிடைப்பதும் சூடாக எரிவதும் வேறில்லை. அரப்பு மரத்தையும் அந்த வரிசையில் வைப்பேன். தலைக்குத் தேய்க்க இலையைத் தருவதோடு, பட்ட கிளை அருமையான விறகாகவும் ஆகிறது. புளி மிகுந்த சூடு தரும், அதன் கங்கு வெகுநேரம் கனலும், ஆனால் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் புதியவர் கையில் பிளவாது. புளியின் அடிக்கட்டையை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். கைப்பருமன் உள்ள கிளைகளை மட்டும் அறுத்துக்கொள்ளுங்கள்.

வேம்பு எல்லா இடத்திலும் விழுவதாலும், நன்றாகப் பிளவதாலும், பழகுவதற்கு ஏற்ற மரம். ஈரமாக இருக்கும்போது புகையும், காய்ந்தால் குறை சொல்ல முடியாது. தென்னந்தோப்புக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டை, பாளை, பன்னாடை மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீப் பற்றவைக்க இவற்றுக்கு இணையில்லை. ஆனால் தென்னையின் அடிமரம் நாரும் நீருமாக இருக்கும், அதைச் சுமந்து வரும் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. பனைமட்டையின் இரு ஓரத்துக் கருக்கைக் கொடுவாளால் சீவிவிட்டுக் கட்டினால் கை தப்பும்.

முருங்கை, ஒதியன், இலவம், கல்யாண முருங்கை ஆகியவை பார்வைக்குப் பருத்திருந்தாலும் அடுப்புக்கு ஆகாதவை. "ஒதி பெருத்தால் உத்தரமாகுமா" என்று கேட்ட நம் முன்னோர் விறகையும் சேர்த்தே கேட்டிருக்கலாம். அரளி, பொன்னரளி, எட்டி, கள்ளி இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் வைக்காதீர்கள். அரளிக் குச்சியைச் சுள்ளியோடு சுள்ளியாகப் பொறுக்கி வந்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. பெயர் தெரியாத மரத்தை நிலத்துக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். வாகையை அறுக்கும்போது எழும் தூள் விடாமல் தும்மல் வரவைக்கும், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

வெட்டுவதும் அறுப்பதும்

தொடக்கத்தில் ஒரு கொடுவாள், ஒரு கைரம்பம், ஒரு தொரட்டி, நல்ல கயிறு ஆகியவை போதும். கனத்த செருப்பு அல்லது பூட்ஸ் கட்டாயம். வேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். மோட்டார் ரம்பத்தைப் புதியவர் கையில் எடுக்க வேண்டாம். பெரிய அடிமரம் தேவை என்றால் பழகிய ஆளைக் கூலிக்கு அழைத்து அறுத்துக்கொள்வதுதான் முறை.

வேலையை நுனியிலிருந்து தொடங்குங்கள். முதலில் இலையும் மிலாறும், பிறகு கைப்பருமன் கொம்புகள், கடைசியில்தான் பெரிய கிளைகள். விழுந்த மரம் அசையாமல் கிடப்பது போலத் தெரிந்தாலும் அதன் பல கிளைகள் தரையில் ஊன்றி வில்லைப் போல வளைந்து நிற்கும். முதல் ஆண்டில், அப்படி வளைந்திருந்த ஒரு வெள்வேல் கொம்பின் வெளிவளைவில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். பாதி வெட்டுக்கூட இறங்கவில்லை, கொம்பு படீரென்று கிழிந்து நிமிர்ந்து என் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு தப்பியது, ஆனால் மூன்று வாரம் படியேற முடியவில்லை. வளைந்த கிளையைக் கொடுவாளால் வெட்டவே கூடாது. உள்வளைவில், அதாவது நெருக்கப்பட்டிருக்கும் பக்கத்தில், ரம்பத்தால் சிறிது அறுத்து, பிறகு இழுபட்டு நிற்கும் வெளிவளைவில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தால் விசை மெல்ல இறங்கும். கிளை நிமிர்ந்தால் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்தப் பக்கத்தில் நிற்காமல் இருக்க வேண்டும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வேரும் மண்ணும் சேர்ந்து சுவர் போல எழுந்து நிற்கும் பகுதியை அடிமரத்தின் பாரம்தான் பிடித்திருக்கிறது. அடிமரத்தை அறுத்த நொடியில் அந்த வேர்ச்சுவர் பழையபடி குழிக்குள் சாய்ந்துவிடக்கூடும். அந்தக் குழியில் குழந்தைகளோ நாயோ இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொந்துள்ள கட்டையை விட்டுவிடலாம். உள்ளே ஆந்தையோ உடும்போ இருக்கும், உளுத்த மரம் விறகுக்கும் உதவாது. வெட்டி முடித்ததும் முள்ளையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து, எங்கே போட வேண்டும் என்று நிலத்துக்காரரைக் கேட்டுப் போடுங்கள்; வேலியில் இடைவெளி அடைக்க அவருக்கே அது தேவைப்படும்.

தூக்கிச் செல்வதற்குச் சுள்ளிகளைத் தடித்த முனை ஒரே பக்கம் இருக்குமாறு அடுக்கி, இரண்டு இடத்தில் கட்டுப் போட வேண்டும். சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கத் தெரிந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்கள் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் பின்னால் கட்டும்போது, கட்டை இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்காமல் நீளவாட்டில் வைத்து இறுக்க வேண்டும். வண்டிப் பாரமாகக் கொண்டு செல்வதானால் நிலத்துக்காரரிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், வழியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எளிது.

பிளப்பதும் காயவைப்பதும்

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதிலேயே தீயின் சூடு செலவாகும், மிஞ்சுவது புகை. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு, அதுவரை அது மரத்துண்டு. பட்டை ஈரத்தை வெளியே விடாது என்பதால் கையைவிடப் பருத்த எதையும் பிளந்தே காயவைக்க வேண்டும்.

அடுப்பின் வாய்க்கு ஏற்ப, ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். கட்டையைத் தரையில் வைத்துப் பிளந்தால் கோடாலி மண்ணில் இறங்கி முனை மழுங்கும். அகலமான அடிக்கட்டை ஒன்றைக் கீழே வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்பு தெரியும், அந்த வெடிப்பின் மேலேயே அடிக்க வேண்டும். கணு உள்ள இடத்தில் மல்லுக்கட்டாமல், ஓரத்திலிருந்து சிராய் சிராயாகப் பெயர்த்துக்கொண்டு வரலாம். பிளவாமல் அடம் பிடிக்கும் கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும். தைல மரம் கிடைத்தால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்த பிறகு அது இறுகிவிடும்.

அடுக்கும் இடம் வெயிலும் காற்றும் படும் இடமாக இருக்க வேண்டும். நான்கு கல் வைத்து, அவற்றின் மேல் இரண்டு நீண்ட கொம்புகளைப் போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அட்டி போடுங்கள், அதாவது விறகை அடுக்குங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். நான் வசதிக்காக அப்படி அடுக்கியதில், கரையான் விறகு வழியாக ஏறி நிலைப்படியைத் தின்ற பிறகுதான் விவரம் தெரிந்தது. மேலே மட்டும் தகரமோ ஓலையோ போட்டு, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

இனிக் காலக் கணக்கு. மாசியில் பிளந்து அடுக்கியது, நம் ஊர் வெயிலில் ஆனி முடிவதற்குள் காய்ந்துவிடும். ஆடிக் காற்றில் விழுந்ததை அந்த ஆண்டே எரிக்க நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரைக்கு அடியில் கடத்தி, அடுத்த மாசிக்குப் பிறகு எடுப்பதுதான் கணக்கு. அதனால் எப்போதும் இரண்டு அட்டிகள் வேண்டும்: ஒன்று எரிக்க, ஒன்று காய. காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஈரக் கட்டை 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும், காய்ந்தது 'டங்' என்று கணீரென்று கேட்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கையோடு பெயர்ந்து வரும்.

எரிக்கும்போது பன்னாடை, மிலாறு, பிளந்த வேம்பு, கடைசியில் வேலக்கட்டை என்ற வரிசையில் வையுங்கள். அடுப்புக்கு மேலே புகை போக வழி இருக்கட்டும். சாயம் பூசிய பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் உள்ளே தள்ளாதீர்கள். நல்ல விறகின் சாம்பல் வெளுத்து மாவு போல இருக்கும். அதைச் சலித்து, பாத்திரம் துலக்க ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டு, மீதியை வாழைக்கும் தென்னைக்கும் அடியில் போடலாம். உங்களுக்கு மரம் கொடுத்தவர் வீட்டில் அவரைக் கொடியிலோ மொச்சைக் கொடியிலோ அசுவினி இருந்தால், தூவுவதற்கு ஒரு பை சாம்பல் கொண்டு போய்க் கொடுங்கள். அடுத்த ஆடியில் எந்தக் கிளை முறிந்தது என்று அவரே சொல்லி அனுப்புவார்.